பொற்கொடியும் இருளாண்டியின் காலும்

பொற்கொடிக்கு 'முடியாது' என்ற சொல் மட்டும் வாயில் வராது. மற்றபடி பேச்சில் ஒரு குறையும் இல்லை. கீரமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவள் மெஸ் நடத்திய காலத்தில், விடியற்காலையில் கமிஷன் கடைக்குப் பூ மூட்டையோடு வருகிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், வம்பு பேசவே வருகிறவர்கள் எல்லோரையும் ஒரே அதட்டலில் உட்கார வைத்துவிடுவாள். ஆனால் சாப்பிட்டு முடித்த ஒருவன் கையைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, இன்னைக்குக் கொஞ்சம்..." என்று தலையைச் சொறிந்தால் போதும். அவன் சொல்லி முடிக்கும் முன்பே, "சரி சரி, போயிட்டு வா" என்பாள்.

அவள் கணவன் நிலவழகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்துத் திரும்பியவன். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், ஒருநாள் வாசல் போர்டைக் காட்டிக் கேட்டான்: "ஏ புள்ள, இதுல மெஸ்ஸுங்கிறதை அழிச்சுட்டு மடம்னு எழுதிருவமா?"

அந்த வேலையைப் புயல் அவனுக்கு மிச்சப்படுத்தியது. கஜா அடித்த ராத்திரி மெஸ்ஸின் தகரக் கூரை போர்டோடு பறந்துபோய் எங்கோ ஒரு தோப்பில் விழுந்தது. ஊரில் பாதித் தென்னைகள் படுத்துக் கிடந்தபோது தகரத்தைத் தேடிப் போக யாருக்கும் மனசு வரவில்லை. நிலவழகன் இருந்த நிலத்தில் முல்லை போட்டான். பெரிய அண்டாக்கள் பரணில் ஏறின. ஆனால் இரண்டு பேருக்குச் சமைக்க பொற்கொடிக்குக் கை பழகவே இல்லை. தினமும் உப்புக் கூடியது, அல்லது சோறு மிஞ்சியது. மிஞ்சிய சோற்றைப் பார்த்தால் அவளுக்கு அழுகை வந்தது.

அதனால் பாஸ்டர் கோபிநாத் அவளைத் தேடி வந்தபோது அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. ஆலங்குடி ரோட்டில் ஓட்டுக் கூரை போட்ட சின்ன ஆலயம். அதற்குப் புதிதாக வந்தவர் அவர். திருக்கோகர்ணத்தில் பிறந்து வளர்ந்த டவுன்காரர். வீடு வீடாக ஜெபத்துக்குப் போனபோது ஒன்றைக் கவனித்திருந்தார். பிள்ளைகள் துபாயிலும் சென்னையிலும் இருக்க, அடுப்புப் பற்றவைக்கத் தெம்பில்லாமல் வயதானவர்கள் பன்னைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"சபையில மதியச் சாப்பாடு சமைச்சு, முடியாதவங்க வீட்டுக்கு அனுப்பலாம்னு ஒரு ஊழியம் ஆரம்பிக்கிறோம் அக்கா. ஆலயத்துக்கு வர்றவங்க, கோயிலுக்குப் போறவங்கன்னு பாக்கப் போறதில்ல. நீங்க..."

அதற்குள் பொற்கொடி ஏணியைச் சாத்திப் பரணில் ஏறியிருந்தாள்.

ஊர் அதற்கு 'சோத்து ஊழியம்' என்று பெயர் வைத்தது. முதல் கேரியர் ராக்காயிக்குப் போனது. வாதம் வந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கட்டிலில் கிடந்தவள். வாய் மட்டும் முழு பலத்தோடு இருந்தது. முதல் நாளே, "ரசத்துக்கு மிளகு போதாது" என்று சொல்லியனுப்பினாள். பொற்கொடிக்குச் சந்தோஷம். குறை சொல்ல ஆள் கிடைத்தால்தான் அவளுக்குச் சமைத்த மாதிரி இருக்கும்.

சில மாதங்களில் ஊழியம் வளர்ந்தது. வளர்ந்த விதம்தான் கொஞ்சம் விநோதம். முதலில் முடியாதவர்கள் வந்தார்கள். பிறகு, முடியாதவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். பிறகு பைக்கில் வந்து, இன்ஜினை அணைக்காமலே கேரியரை நீட்டுகிறவர்கள் வந்தார்கள். ஒரு வீட்டிலிருந்து போன் வந்தது: "அக்கா, இன்னைக்கு எங்களுக்கு வேணாம். மாப்பிள்ளை வந்திருக்காரு, கறி எடுத்திருக்கோம். நாளைக்கு மறக்காம அனுப்பிருங்க."

பொற்கொடி, "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். 

கமிட்டி கூடியது. செயலாளர் ரகுநாத் தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஆலயத்துக்கு விளக்கு வாங்கினாலும் மூன்று இடத்தில் விலை விசாரிப்பவர். நேர்மையில் அவரை அசைக்க முடியாது. சிரிக்க வைப்பதும் கஷ்டம்.

"இனிமே யாரு கேட்டாலும் வி.ஏ.ஓ. சர்ட்டிபிகேட்டு, டாக்டர் சர்ட்டிபிகேட்டு ரெண்டும் கொண்டாரணும்" என்றார்.

பாஸ்டர் நெளிந்தார். "ஆண்டவர் ஐயாயிரம் பேருக்கு அப்பம் குடுத்தப்ப யாருகிட்டயும் சர்ட்டிபிகேட் கேக்கலையே சார்?"

"அது ஒரே வேளை, பாஸ்டர். இது தினமும்" என்றார் ரகுநாத்.

பாஸ்டர் பைபிளைப் புரட்டிப் பார்த்தார். ராக்காயி கட்டிலோடு எழுந்து வி.ஏ.ஓ. ஆபீசுக்கு எப்படிப் போவாள் என்று யாரோ கேட்டார்கள்.  கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒருவர் நேரில் போய் ஒவ்வொரு வீட்டையும் பார்த்து, யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று சொல்லட்டும். எல்லோரையும் தெரிந்தவர், எல்லோரும் மதிக்கிறவர் யார்? எல்லா முகங்களும் பொற்கொடி பக்கம் திரும்பின. அவளால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. முடியாது என்று சொல்லத் தெரியாதவளைத்தான் முடியாது என்று சொல்லும் வேலைக்குப் போட்டார்கள்.

அவள் போன லட்சணம் ஊருக்கே தெரிந்தது. பைக்கில் வருகிற ஒருவன் வீட்டுக்கு, "நாளையிலருந்து வராதேப்பா" என்று சொல்லப் போனவள், அவன் மனைவி இருமுவதைக் கேட்டுவிட்டு, கூடுதலாக ஒரு அவித்த முட்டைக்கு ஒத்துக்கொண்டு திரும்பினாள். மாப்பிள்ளைக்குக் கறி எடுத்த வீட்டில் இவளுக்கும் இலை போட்டுவிட்டார்கள். சாப்பிட்டுவிட்டு எப்படிச் சொல்வது? வாழ்த்திவிட்டு வந்தாள்.

"நீ போயிட்டு வந்த வீட்டுக்கெல்லாம் கேரியர்ல ஒரு அடுக்குக் கூடுதே!" என்றான் நிலவழகன்.

இந்தச் சமயத்தில்தான் இருளாண்டி வந்து சேர்ந்தான். தென்னை ஏறுகிறவன். மனைவி தவறிவிட்டாள், ஒரே மகளை அறந்தாங்கியில் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தான். ஆடி மாதக் காற்றில் மரத்திலிருந்து விழுந்து வலது கால் முறிந்தது. மாவுக் கட்டுப் போட்டுக்கொண்டு, காலை ஒரு முக்காலி மேல் நீட்டி உட்கார்ந்திருந்த அவனைப் பார்த்ததும் பொற்கொடிக்கு மனசு உருகியது. இவனுக்கு எந்தச் சர்ட்டிபிகேட்டும் வேண்டாம், கட்டே சாட்சி.

இருளாண்டி சாப்பாட்டை ரசித்தான். வெறுமனே நன்றாயிருக்கிறது என்று சொல்லமாட்டான். "அக்கா, இந்தச் சாம்பாரை ஊத்துனா சோறே எந்திரிச்சு நிக்குதுக்கா" என்பான். "இந்தக் கூட்டை எங்க ஊரு கல்யாணத்துல வச்சிருந்தா பாதிச் சண்டை நடந்திருக்காது" என்பான். பொற்கொடி அவனுக்கென்று தனியாக இரண்டு அப்பளம் சுருட்டி வைக்கத் தொடங்கினாள். கேரியரை அவளே எடுத்துக்கொண்டு போவாள். ஊழியத்தில் பாராட்டுக் கிடைக்கிற ஒரே வீடு அதுதான்.

கட்டுப் பிரித்தார்கள். இருளாண்டி ஒரு கம்பை ஊன்றி நொண்டினான். மாதங்கள் போயின. கம்பு போகவில்லை. பொங்கலுக்கு முந்தின வாரம் அவன் வாசல் வரை நொண்டிக்கொண்டு வந்து கேரியரை வாங்கியபோது பொற்கொடிக்கு ஏதோ ஒன்று இடித்தது.

"ஏப்பா இருளாண்டி, வலது கால்லதானே கட்டு? நீ எடது காலைல்ல இழுக்குற?"

இருளாண்டி குனிந்து இரண்டு கால்களையும் ஒரு முறை பார்த்தான்.

"அதை ஏங்க்கா கேக்குறீங்க. வலி இங்கிட்டு ஏறி அங்கிட்டு எறங்கிருச்சு."

பொற்கொடி பாதி நம்பினாள். மீதிப் பாதியை வீட்டுக்குக் கொண்டுபோய் நிலவழகனிடம் சொன்னாள்.  சிரித்து முடிக்கவே அவனுக்கு நேரம் பிடித்தது.

உண்மை ஒரு மாட்டின் மூலம் வெளியே வந்தது. பொங்கல் முடிந்து பக்கத்து ஊரில் மஞ்சுவிரட்டு. அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் ரகுநாத் கமிட்டிக்காரர்களை மட்டும் நிற்கச் சொன்னார். செல்போனை மேசைமேல் நிமிர்த்தி வைத்தார். வாட்ஸ்அப்பில் அவருக்கு வந்த வீடியோ. யாரோ பாட்டெல்லாம் சேர்த்திருந்தார்கள்.

கறுத்த காளை ஒன்று தடுப்பை முட்டித் தள்ளிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறவர்கள் பக்கம் பாய்கிறது. கூட்டம் சிதறுகிறது. கையில் கம்போடு கரும்பு கடித்துக்கொண்டிருக்கும் ஓர் ஆள் திரும்பிப் பார்க்கிறான். கம்பு ஒரு பக்கம் பறக்கிறது, கரும்பு ஒரு பக்கம் பறக்கிறது. ஆள் நாலே எட்டில் ஓடி, நின்றுகொண்டிருந்த ஒரு குட்டியானைச் சரக்கு வண்டியின் மேல் தாவி ஏறி, அங்கிருந்து அதன் கூரைக்கும் போய்விடுகிறான்.

"இதுல எந்தக் கால் முடியாத கால்னு யாராச்சும் சொல்லுங்க பாப்போம்" என்றார் ரகுநாத்.

பாஸ்டர் இரண்டாவது தடவை போட்டுப் பார்த்தார். "பயத்துல வலி தெரிஞ்சிருக்காதுல்ல சார்?" என்றார். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை.

பொற்கொடிக்குக் காது சூடாகியது. மெஸ்ஸில் எத்தனையோ பேர் அவளை ஏமாற்றியிருக்கிறார்கள். அதெல்லாம் தெரிந்தே ஏமாந்தது. அது வேறு. இந்த ஆளுக்கு அவள் அப்பளம் சுருட்டி வைத்திருக்கிறாள். சோறு எந்திரிச்சு நின்னதெல்லாம் பொய்யா?

"நாளைக்கு நானே போயி நிறுத்திட்டு வாரேன்" என்றாள்.

மறுநாள் வெறும் கையோடுதான் போவதாக இருந்தாள். கிளம்பும்போது பார்த்தால் கையில் கேரியர் இருந்தது. பழக்கம். திருப்பி வைக்க நேரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

இருளாண்டி நொண்டிக்கொண்டு வந்தான். இன்றைக்கு வலது கால். அவள் கேரியரைக் கொடுக்காமல், அந்த வீடியோவை ஓடவிட்டுச் செல்போனை நீட்டினாள். அவன் பார்த்தான். காளை வந்தது, கம்பு பறந்தது, ஆள் தாவினான். வீடியோ முடிந்தது. 

"நல்லாத்தான் குதிச்சிருக்கேன், இல்லக்கா? இதை என் மக போனுக்கு அனுப்ப முடியுமா?"

"இருளாண்டி!"

மெஸ் நாளில் இருந்த அதே அதட்டல். இருளாண்டி கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு காலிலும் ஒழுங்காக நின்றான். பிறகு வாசற்படியில் உட்கார்ந்தான்.

"கால் சரியாகி ரொம்ப நாளாச்சுக்கா."

"அப்புறம் ஏன்யா இந்தக் கூத்து? தோப்பெல்லாம் காய் முத்திக் கெடக்கு. ஏற ஆளில்லாம வெளியூருலருந்து கூட்டிட்டு வாராங்க. நீ இங்க உக்காந்து என் அப்பளத்தைத் திங்குற?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"போனேங்க்கா. விடிய முந்தி, யாரும் பாக்காத நேரமாப் பாத்துத் தோப்புக்குப் போவேன். மரத்தைக் கட்டிப் புடிப்பேன். ரெண்டாள் உசரம் ஏறுவேன். அதுக்கு மேல கை மரத்தை விடமாட்டேங்குது. மேலயும் போக முடியல, கீழயும் வர முடியல. ஒடம்பெல்லாம் நடுங்குது. ஒருநாளு மாடு ஓட்டிட்டு வந்த முனியாயி பாத்துட்டு, என்னய்யா மரத்தைக் கட்டிக்கிட்டு நிக்குறன்னுச்சு. எளநி முத்திருச்சான்னு காது வச்சுக் கேக்குறேன்னு சொன்னேன்."

பொற்கொடிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். இருளாண்டி சிரிக்கவில்லை.

"கால் ஒடைஞ்சவன்னா ஊரு சோறு போடும்க்கா. பயந்தவனுக்கு யாரு போடுவா? முப்பது வருசம் மரத்துலயே இருந்தவன் போயி, எனக்கு மரத்தைக் கண்டா பயமா இருக்குன்னு எவன்கிட்டச் சொல்ல?"

அவள் அவனுக்கு எதிரே திண்டில் உட்கார்ந்தாள். கோபம் போகவில்லை, ஆனால் அது எங்கே நின்றுகொண்டிருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்த மனுஷன் கட்டுப் பிரித்த நாளிலிருந்து இதை வயிற்றில் வைத்துக்கொண்டு, அவள் சாம்பாருக்குப் புதுசு புதுசாகப் பாராட்டுச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா அதுக்குஞ் சேத்துத்தானே சோறு போட்டிருப்பேன்."

"தெரியலையேக்கா."

"எனக்கும் ஒன்னைப் பத்தித் தெரியலையே. நீ சொன்ன பொய்யினால ரகுநாத் சாரு முன்னாடி நான் முட்டாளா உக்காந்திருந்தேன். நாளைக்கு நெசமாவே கால் ஒடைஞ்சவன் ஒருத்தன் வந்தா அவனையும் சந்தேகப்படுவாங்க. அதை நெனைச்சியா?"

இருளாண்டி நினைத்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"இன்னைக்கு இதைச் சாப்பிடு" என்று கேரியரை வைத்தாள். "நாளையிலருந்து இங்க வராது. நீ அங்க, ஆலயத்துச் சமையல் கொட்டகைக்கு வரணும். தேங்கா ஒடைக்கணும், துருவணும், கேரியரைக் கொண்டுபோயிக் குடுக்கணும். அப்புறம் எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடணும்."

"எந்தக் காலோட வரணும்?"

"ரெண்டு காலோடயும் வா!"

கமிட்டியில் அவள் இதைச் சொன்னபோது ரகுநாத் தலையை ஆட்டினார். வேலை செய்வது நல்லதுதான், ஆனால் போதாது. அடுத்த ஞாயிறு சபை முன்னால் அவன் நின்று, நான் பொய் சொன்னேன் என்று மன்னிப்புக் கேட்க வேண்டும். "அப்பத்தான் மத்தவனுக்கு ஒரு பயம் இருக்கும் பொற்கொடிம்மா. அதோட அவன் ஏன் நடிச்சான்னு காரணமும் தெரியணும்."

"முடியாது சார்" என்றாள் பொற்கொடி.

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. யாரோ பக்கத்தில் நின்று சொன்னது போல இருந்தது. ரகுநாத் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"அவன் என்கிட்டப் பொய் சொன்னான், நான் திட்டிட்டேன். காரணம் அவன் சொல்ல வேண்டியது. அவனுக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்லட்டும். கூட்டத்துல நிக்க வச்சுப் புடுங்கக் கூடாது."

பாஸ்டரின் முகம் மலர்ந்தது. "சரியாச் சொன்னீங்க அக்கா. மன்னிச்சாச்சுல்ல, அப்ப வழக்கம்போல அவர் வீட்டுக்கே அனுப்பிருவோமே. வேலை கீலைன்னு எதுக்கு அவரைச் சங்கடப்படுத்தணும்?"

"அதுவும் முடியாது பாஸ்டர்."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னபோது நிலவழகன் கையில் இருந்த டீயைக் கீழே வைத்தான். "ஒரே நாள்ல ரெண்டு முடியாதா? இத்தனை வருசத்துல எனக்குக்கூட ஒன்னு சொன்னதில்லையே புள்ள!" அவன் குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

இருளாண்டி வந்தான். தேங்காயை அவன் உடைக்கிற அழகைப் பார்க்கவே இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். பிறகு நிலவழகனின் பழைய டி.வி.எஸ். ஃபிப்டியில் கேரியர்களைத் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பினான். சோறு சூடாகப் போய்ச் சேர்ந்தது. ராக்காயிகூட ஒரு வாரம் குறை சொல்லவில்லை. பொற்கொடிக்குப் பெரிய நிம்மதி. வீடு வீடாகப் போய் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லவேண்டிய வேதனை போயிற்று. அந்த வேலையும் மெல்ல மெல்ல இருளாண்டி கைக்குப் போனது. அவளாகக் கொடுக்கவில்லை. அவனே எடுத்துக்கொண்டான்.

எடுத்துக்கொண்டவன் சும்மா இருக்கவில்லை. இருளாண்டியைப் போல இரக்கமில்லாத ஓர் அதிகாரியை அந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை. முதுகுவலி என்று சொல்லிக் கேரியர் வாங்கும் ஒருவர் வீட்டுக்கு முன்னால் போய், "ஐயோ, பாம்பு! பாம்பு!" என்று கத்துவான். முதுகுவலிக்காரர் கட்டிலைத் தாண்டிக் குதித்து ஓடி வந்தால், சிரித்துக்கொண்டே கேரியரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவான். பைக்கில் வருகிறவனும் இப்படித்தான் போனான். ராக்காயி வீட்டிலும் கத்திப் பார்த்தான். அவள் அசையவில்லை. "அதை அடிச்சுப் போட்டுட்டு, சோத்தை வச்சுட்டுப் போ" என்றாள் உள்ளேயிருந்து.

ரகுநாத்துக்கு அவனை அவ்வளவு பிடித்துப்போனது. "நம்ம பீல்டு ஆபீசர்" என்று அறிமுகப்படுத்தினார். அவர் சிரித்ததைச் சபையார் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார்கள். பாஸ்டர்தான் வருத்தமாக, "கொஞ்சம் அன்பாக் கேட்டுப் பாக்கலாமே இருளாண்டிண்ணே" என்பார்.

"பொய் சொல்றவனை எனக்குப் பாத்தாலே தெரியும் ஐயா. நானும் அதே காலேஜுதான்" என்பான் இருளாண்டி.

பொற்கொடிக்கு இது சரியில்லை என்று தோன்றாமல் இல்லை. ஆனால் அண்டா வேலை, அடுப்பு வேலை. தவிர, நிறுத்துகிற பாவம் தன் கையை விட்டுப் போனதில் ஒரு சுகம்.

அந்தச் சுகம் கமிஷன் கடையில் கலைந்தது. முல்லையைப் போட்டுவிட்டு வரப் போன பொற்கொடி, கடைக்கு ஓரமாக உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்த செவந்தியைப் பார்த்தாள். வயிற்றில் ஆபரேஷன் ஆன பெண். அடுப்படியில் நிற்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவளுக்கும் அவள் சின்ன மகளுக்கும் கேரியர் போய்க்கொண்டிருந்தது. புருஷன் குவைத்தில், போன் வந்தே நாளாகிறது என்று கேள்வி. இப்போது ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா இது? ஒடம்பு இருக்குற நெலைமைல ஏன் வந்த? சாப்பாடு வருதுல்ல?"

செவந்தி நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் கோபம்கூட இல்லை.

"நீங்கதானேக்கா நிறுத்தச் சொன்னீங்களாம். வந்தவரு சொன்னாரு."

 பொற்கொடி நேரே சமையல் கொட்டகைக்கு வந்தாள். இருளாண்டி தேங்காய்த் துருவலின் நடுவே மன்னன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"செவந்திக்கு ஏன் நிறுத்துன?"

"கோழிக் கொழம்பு வாசம்க்கா! தெருவே மணக்குது. புதுப் பாவாடை கட்டிக்கிட்டு அந்தப் புள்ள வாசல்ல ஆடுது. பாத்தவொடனே புரிஞ்சுபோச்சு."

"ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா பொய் சொல்லுவாங்கக்கா."

"நீ சொன்ன பொய்யை நான் உக்காந்து கேட்டேன்ல? கேக்கப்போயித்தானே நெசமும் வந்துச்சு? நான் அன்னைக்கு வீடியோவை மட்டும் பாத்துட்டு ஒன் வாசலுக்கே வராம இருந்திருந்தா?"

இருளாண்டியின் கை துருவியில் நின்றது. பொற்கொடி அடுத்த வார்த்தையை அவனிடம் சொன்னாளா, தன்னிடமே சொன்னாளா என்று தெரியவில்லை: "நானும் போயிப் பாத்திருக்கணும். தொல்லை விட்டுச்சுன்னு இருந்துட்டேன்."

கேரியரை எடுத்தாள். "வா" என்றாள். இரண்டு பேரும் நடந்தே போனார்கள். பாம்பு என்று கத்துகிற இடம் வந்தபோது இருளாண்டி மூச்சுவிடவில்லை.

செவந்தி அப்போதுதான் வீட்டுக்குத் திரும்பிப் பாயில் சாய்ந்திருந்தாள். இருளாண்டி வாசலிலேயே நின்றான்.   

"கோழி வாசம் வந்துச்சாம்ல?" என்றாள் செவந்தி, பொற்கொடி சொன்னதைக் கேட்டுவிட்டு. "பக்கத்து வீட்டுல காதுகுத்து. பாவாடையும் அவங்க எடுத்துக் குடுத்ததுதான். உள்ள வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா, ஒங்களுக்கும் ஒரு எலை போட்டிருப்பாங்களே."

"தப்புத்தாம்மா" என்றான் இருளாண்டி. பிறகு, யாரும் கேட்காமலே, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினான். "நானும் இதே சோத்தைப் பொய் சொல்லித் தின்னவந்தான். கால் வலின்னு சொன்னேன். கால் நல்லாத்தான் இருந்துச்சு. மரத்துல ஏற பயம். இப்பவும் பயந்தான். பாதி மரத்துல ஒட்டிக்கிட்டு நின்னுருக்கேன், பல்லி மாதிரி. அதை மறைக்கத்தான் நொண்டுனேன். அதுலயும் எந்தக் காலுன்னு மறந்துபோயி..."

செவந்திக்குச் சிரிப்புப் பீறிட்டது. வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். "ஐயோ, சிரிக்க வைக்காதீங்கண்ணே. தையலு விட்டுரும்!"

அவள் சிரிப்பதைப் பார்த்து மகளும் சிரித்தாள். இருளாண்டி குழம்பிப்போய் நின்றான். உலகத்திலேயே பெரிய வெட்கம் என்று அவன் மூடி மூடி வைத்திருந்தது, ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற விஷயமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவனும் சிரித்தான்.

அதற்குப் பிறகு ஊழியத்தின் நடைமுறை மாறியது. வாசலில் வைத்து யாருக்கும் எதையும் நிறுத்தக் கூடாது என்று பொற்கொடி கமிட்டியில் சொன்னாள். உள்ளே போக வேண்டும், உட்கார வேண்டும், கேட்க வேண்டும். உடம்பு தேறியதும் செவந்தியை இருளாண்டியோடு சேர்த்து அனுப்பினாள். அவன் எல்லோரையும் சந்தேகப்பட்டான், அவள் எல்லோரையும் நம்பினாள். இரண்டு பேரும் வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்து சொல்வதைக் கேட்டுவிட்டு, பொற்கொடி தானே ஒரு முறை போய்ப் பார்ப்பாள். சிலருக்கு முடியாது என்றாள். சொல்லிவிட்டு வந்த ராத்திரிகளில் அவளுக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. மறுபடி போய்ப் பார்த்து, முடிவை மாற்றிக்கொண்டதும் உண்டு. ரகுநாத் அதைக் குறையாகச் சொன்னார். அவள், "ஆமா சார், தப்பாத்தான் நெனைச்சுட்டேன்" என்றாள்.

சோறு வாங்குகிறவர்கள் தங்களால் ஆனதைச் செய்யவேண்டும் என்றும் ஒரு வழக்கம் வந்தது. அதைக் கேட்டதுமே, இன்ஜினை அணைக்காமல் நிற்பவர்கள் பாதிப் பேர் காணாமல் போனார்கள். ராக்காயி கட்டிலில் கிடந்தபடியே வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். உரித்த நேரத்தைவிட, வாங்கிய வெங்காயத்தின் தரத்தைத் திட்டிய நேரம் அதிகம்.

இருளாண்டி தன் பயத்தை டீக்கடையில் தானாகவே சொன்னான். ஊர் நன்றாகச் சிரித்தது. பல்லி என்று பேரும் வைத்தது. ஆனால் பிறகு அவனைத் தனியாகத் தேடி வந்து, எனக்கும் மேலே போனால் தலை சுற்றுகிறது என்று சொன்ன மரமேறிகளும் இருந்தார்கள். அவன் திரும்ப மரம் ஏறவில்லை. காய் உரிக்கிற களத்தில் மத்தியானத்துக்கு மேல் வேலைக்குச் சேர்ந்துகொண்டான். காலையில் கேரியர், மாலையில் களம்.

சென்ற மாதம் ஒருநாள், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, "எனக்கு எலை போடாதீங்கக்கா" என்றான்.

"ஏம்ப்பா, கோவமா?"

"இல்லக்கா. வீட்டுல நானே வடிச்சுட்டு வந்திருக்கேன்." பையிலிருந்து ஒரு தூக்குச்சட்டியை எடுத்துத் திறந்தான். "கொழைஞ்சுபோச்சு. இருந்தாலும் என் சோறு."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பாஸ்டர் ஒரு கவளம் வாங்கி வாயில் போட்டு, "அருமையா இருக்குண்ணே" என்றார். ரகுநாத் ஒரு கவளம் வாங்கி, கொஞ்சம் மென்று பார்த்துவிட்டு, "இதை வச்சு போஸ்டர் ஒட்டலாம்" என்றார்.

இருளாண்டி பொற்கொடியைப் பார்த்தான். அவள் தன் இலையை அவன் பக்கம் தள்ளினாள். அவன் வைத்ததைச் சாப்பிட்டாள்.

"நாளைக்குத் தண்ணியைக் கொறைச்சு வையி" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னாள்.